குளிர்தேசத்துச் சரக்கு

“அவசரப்பட்டு முழுங்கிட்டீங்களே சகலை. முதல்ல மூக்கு, அப்புறம் நாக்கு, கடைசியிலதான் தொண்டை.”

சொன்னவர், முழுங்கியவருடைய மனைவியின் அக்காள் கணவர். பெரிய ஓட்டல் ஒன்றில் விருந்துக்கூடத்தை மேற்பார்வை பார்ப்பவர். முழுங்கியவர் ஒரு பெயின்ட் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவுக்குத் தலைவர். கிடங்கைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்து பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அதனால் கம்பெனியில் அவருக்குப் ‘பூட்டு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. எதிரில் யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும்.

பூட்டு அதுவரை மதுவை நாக்கில் வைத்தவர் இல்லை. ஒழுக்கம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. சந்தர்ப்பம் வாய்த்தபோது வயிறு சரியில்லை, வயிறு சரியாக இருந்தபோது சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டலில் பாத்திரம் கழுவும் அறைக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து, யாரோ விருந்தில் மிச்சம் வைத்த சிவப்பு ஒயினைக் கஷாயம் குடிக்கிற முகத்தோடு குடித்துக்கொண்டிருந்தார். காரணம், அன்று காலை அவர் வாயிலிருந்து விழுந்த ஒரே ஒரு வாக்கியம்.

பொது மேலாளர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அவருடைய அறை காலியாகக் கிடந்தது. அடுத்தது யார் என்பதுதான் கம்பெனியில் ஒரே பேச்சு. இருப்பவர்களில் பழைய ஆள் பூட்டு. ஆகவே முதலாளி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்து சொன்னதுமே அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

முதலாளி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “நல்ல சரக்கு ஒண்ணு வந்திருக்கு,” என்றார்.

“எந்த லாரியில சார்? என்கிட்ட யாரும் சொல்லலையே,” என்றார் பூட்டு.

முதலாளி சிரித்துவிட்டார். அவர் சொன்னது ஒயினை. குளிர்தேசத்து மலைச்சரிவு ஒன்றில் விளைந்த திராட்சையில் பண்ணியதாம். அடர்த்தியான, முரட்டு ரகமாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் அதைத் திறக்கலாம் என்று இருக்கிறாராம். பூட்டு மனைவியையும் அழைத்துக்கொண்டு சாப்பிட வர வேண்டும்.

லாரியைக் கேட்ட வெட்கத்தில் பூட்டுக்குக் காது சிவந்துவிட்டது. பொது மேலாளர் ஆகப்போகிறவன் இப்படியா பட்டிக்காட்டான் மாதிரி விழிப்பது என்று நினைத்தார். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

“தெரியும் சார், சும்மா தமாஷுக்குக் கேட்டேன். ஒயின்ல எனக்குக் கொஞ்சம் ரசனை உண்டு.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை ஒரு சாக்கு. பூட்டுக்கு அதுவும் இல்லை.

முதலாளியின் முகம் மலர்ந்தது. ஒயினைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் போலிருந்தது. அப்படியானால் பூட்டுதான் முதலில் ருசி பார்த்து மற்றவர்களுக்கு விளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த விளக்கத்தைத் தேடித்தான் பூட்டு சகலையிடம் ஓடி வந்தது.

சகலை பொறுமைசாலி. கோப்பையின் தண்டைப் பிடிக்க வேண்டும், வயிற்றைப் பிடிக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்கினார். வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்க்க வேண்டும். மெல்லச் சுழற்ற வேண்டும். மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும். ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, அப்புறம்தான் விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகும் வாயில் ஏதோ தங்கி நிற்கும், அதற்குப் பின்சுவை என்று பெயர்.

“குளிர் ஊர்னா என்ன விசேஷம்?” என்று கேட்டார் பூட்டு.

“வெயில் ஊர்த் திராட்சை சீக்கிரம் பழுத்து இனிச்சுப் போயிடும். அதுல பண்ணின ஒயின் வந்ததும் வராததுமா நம்மளைக் கட்டிப் பிடிச்சுக்கும். குளிர் ஊர்த் திராட்சை மெதுவாத்தான் பழுக்கும், புளிப்பை விடாது. வாய்க்குள்ள போனதும் முதல்ல முறைக்கும், அப்புறம்தான் பேசும். மிளகு வாசனை வரும். நாவல்பழம் மாதிரி துவர்ப்பு ஈறைப் பிடிச்சு இழுக்கும்.”

“உங்க மச்சினிச்சி மாதிரின்னு சொல்லுங்க.”

சகலை மறுக்கவில்லை. மிளகு, நாவல்பழம், புகை, ஈரக்கல் என்று நான்கு வார்த்தைகளை மனப்பாடம் பண்ணிக்கொள்ளச் சொல்லி, பயிற்சிக்காக மிச்ச ஒயினை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் பயிற்சிக்கு ஏற்ற இடம் குளியலறை ஒன்றுதான். கண்ணாடிக் கோப்பைக்குப் பதிலாகப் பல் தேய்க்கும் குவளை. பூட்டு அதைச் சுழற்றினார், முகர்ந்தார், புரட்டினார். மிளகு வரவில்லை, பற்பசைதான் வந்தது. மறுபடி ஊற்றிக்கொண்டார். மறுபடியும் பற்பசை. பாட்டில் காலியான பிறகுதான் வெளியே வந்தார்.

மனைவி கதவுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை அவளுக்கு. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்தப் பல் என்று சொல்லிவிடுவாள் என்று பேர்.

“நாக்கை நீட்டுங்க.”

நீட்டினார். நாக்கு மை குடித்தது போலிருந்தது.

“என்ன இது?”

“பல்வலி. மருந்து போட்டுக் கொப்பளிச்சேன்,” என்றார் பூட்டு. பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவளிடம் சொல்லத் தகுந்த பொய் அது இல்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது.

சனிக்கிழமை காலை முதல் ஆளாக அவரைப் பல் டாக்டரின் நாற்காலியில் படுக்க வைத்துவிட்டாள். டாக்டர் எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்தார். எதிலும் வலி இல்லை. வந்தவரைச் சும்மா அனுப்புவானேன் என்று, படிந்திருந்த சிவப்பையெல்லாம் இயந்திரம் வைத்துச் சுரண்டி எடுத்தார். ஈறு முழுக்கப் புண்ணாகி, உமிழ்நீர் பட்டாலே எரிந்தது. பிறகு அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

டாக்டர் தணிந்த குரலில்தான் பேசினார். ஆனால் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. பூட்டுக்கு எல்லாம் கேட்டது. பல்லில் கோளாறு இல்லையாம். ஆளிடம்தானாம். இந்த வயதில் புதிதாகப் பிடிக்கிற குடி சீக்கிரம் விடாதாம். தனக்குத் தெரிந்த மறுவாழ்வு இல்லம் ஒன்று இருக்கிறதாம்.

மனைவி வெளியே வந்தபோது அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கப் பூட்டுக்குத் தைரியம் இல்லை. இனி மறைத்துப் பயனில்லை என்று, டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தவர்களின் நடுவிலேயே, முதலாளி கூப்பிட்டது, லாரி, சகலை, குளியலறை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கோபம் எந்த இடத்தில் கரைந்தது என்று தெரியவில்லை. ‘மனைவியையும் அழைத்து வரச் சொன்னார்’ என்ற இடமாக இருக்கலாம்.

“அந்த ரூம் உங்களுக்குத்தானா?”

“அப்படித்தான் இருக்கணும்.”

வேறொன்றும் கேட்காமல் அவள் திரும்பி உள்ளே போனாள். இந்தத் தடவை தடுப்பைத் தாண்டி வந்தது அவள் குரல். தன் கணவர் குடிகாரர் இல்லை, ஒரு கம்பெனிக்குப் பொது மேலாளர் என்றாள். இத்தனை வருஷமாக முதுகு ஒடிய அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேச்சு வாங்கியது போதும் என்றாள். திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். டாக்டர் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். அவள் மேசைச் சாவியைக் கண்ணாடித் தட்டில் போட்ட சத்தம் கேட்டது.

பூட்டுக்கு எரிந்துகொண்டிருந்த ஈறு மரத்துப்போயிற்று.

“இன்னும் கொடுக்கலையே. சாப்பிடத்தானே கூப்பிட்டிருக்கார்,” என்றார், தெருவில் இறங்கியதும்.

“வேலை செய்யறவனைப் பொண்டாட்டியோட வீட்டுக்குக் கூப்பிட்டு, கூடவே ஒயினையும் திறப்பாங்களாக்கும், சும்மா?”

யோசிக்க யோசிக்க அவள் சொல்வதுதான் சரி என்று பட்டது அவருக்கு. வலது கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பவள் அன்று கையை வீசி நடந்தாள். அதைப் பார்த்ததும், போய் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு வேலையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்த யோசனையைப் பூட்டு விழுங்கிவிட்டார். மத்தியானத்துக்குள் அக்காள் வீட்டுக்குச் செய்தி போயிற்று. சகலை போன் பண்ணி, இனி ‘சகலை’ என்று கூப்பிடலாமா, ‘சார்’ என்று கூப்பிட வேண்டுமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மொத்தமே ஐந்து பேர். முதலாளி, அவர் மனைவி, பூட்டு, அவர் மனைவி, அப்புறம் கம்பெனியின் எச்.ஆர்.காரர். விடுமுறை நாளிலும் அவர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். எச்.ஆரையும் கூப்பிட்டிருப்பதைப் பார்த்ததும் பூட்டின் மனைவி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். காரியம் முடிந்த மாதிரிதான் என்று அதற்கு அர்த்தம்.

முதலாளியின் மனைவி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கேட்காமலேயே பரிமாறினாள். பிள்ளைகள் உண்டா, சொந்த வீடா, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். வாடகை வீடு என்று கேட்டதும் இன்னொரு கரண்டி வைத்தாள்.

முதலாளி ஒயினைச் சடங்கு மாதிரி ஊற்றினார். கறுப்புக்குக் கிட்டத்தில் வரும் சிவப்பு. எல்லோரும் பூட்டைப் பார்த்தார்கள்.

அவர் தண்டைப் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கினார். சுழற்றினார். குளியலறைக் குவளை கனமானது, இந்தக் கோப்பை காற்று மாதிரி இருந்தது. கை கொஞ்சம் வேகமாகப் போய், ஒயின் விளிம்பு தாண்டிப் பறந்து எச்.ஆர்.காரரின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக விழுந்தது.

பூட்டு பதறிக் கைக்குட்டையோடு எழுந்தார். எச்.ஆர்.காரர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “பரவாயில்ல சார். நீங்க எவ்வளவோ பொறுத்துக்கப் போறீங்க. இதை நான் பொறுத்துக்க மாட்டேனா?”

போன மாதம் அரை நாள் லீவுக்கு ஆயிரம் கேள்வி கேட்ட மனுஷன் இவர். பதவி வருகிறது என்றால் பேச்சே மாறிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டார் பூட்டு.

அவர் ஒரு வாய் எடுத்தார். புண்ணான ஈறில் புளிப்புப் பட்டதும் எரிச்சல் தலை உச்சிவரை ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. மனப்பாடம் பண்ணிய நான்கு வார்த்தைகளும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டன.

“சார் கண் கலங்குறார்,” என்றாள் முதலாளியின் மனைவி மெதுவாக.

எரிச்சல் அடங்க அடங்க, அடியிலிருந்து வேறு ஏதோ எழுந்து வந்தது. பற்பசை கலக்காத, ஓட்டல் மிச்சமாகவும் இல்லாத ஒரு வாசனை. சகலை சொன்ன மிளகு முதலில் வந்தது. கசப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடித்துக்கொண்டு அசையவிடாமல் நின்றன. அதற்குப் பின்னால் குளிர்ந்த ஒரு காற்று. பூட்டுக்கு அது நன்றாகத் தெரிந்த காற்று. அவர் யோசிக்காமல் பேசினார்.

“மழை பெஞ்ச மறுநாள் காலையில நம்ம கிடங்குக் கதவைத் திறந்தா ஒரு வாசனை வரும் சார். நனைஞ்ச மரப்பெட்டி, இரும்பு, சாக்கு, கொஞ்சம் எண்ணெய், எல்லாம் சேர்ந்து. வேற யாருக்கும் அது பிடிக்காது. நான் மட்டும் ஒரு நிமிஷம் வாசல்லயே நிப்பேன். இத்தனை வருஷமா அப்படித்தான். இது அந்த வாசனை. முதல்ல கசக்குது. ஆனா கூடவே இருன்னு சொல்லுது.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எச்.ஆர்.காரர் தன் தட்டைப் பார்த்தார்.

“உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்னுதான் வரச் சொன்னேன்,” என்று ஆரம்பித்தார் முதலாளி.

எந்த வருஷத்து ஒயின் என்று கேட்டுவிடுவாரோ என்று பூட்டுக்குப் பயம் வந்தது. கையை உயர்த்தி, “ஒரு நிமிஷம் சார். பின்சுவை இன்னும் முடியல,” என்றார்.

முதலாளி காத்திருந்தார். கொஞ்சம் பொறுத்து, கம்பெனியின் நிலைமை என்று பேச்சை எடுத்தார். பூட்டு இன்னொரு வாய் பருகி, இப்போது புகை வருகிறது என்றார். சில முடிவுகள் தன் கையில் இல்லை என்று முதலாளி சொன்னபோது, காணாமல் போயிருந்த ஈரக்கல் நல்லவேளையாகத் திரும்பி வந்தது, அதையும் சொன்னார். முதலாளி எச்.ஆர்.காரரைப் பார்த்தார். எச்.ஆர்.காரர் கூரையைப் பார்த்தார். கடைசியில் முதலாளி பேச்சை விட்டுவிட்டு, பூட்டின் கோப்பையை நிரப்பினார்.

இவ்வளவு தூரம் வந்தும் முதலாளி கூச்சப்படுகிறாரே, நாமே வழி விட்டால் என்ன என்று பூட்டின் மனைவிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நேத்துதான் நான் என் வேலையை விட்டேன்,” என்றாள் முதலாளியின் மனைவியிடம். “இனிமே இவர் இருக்கார் பாருங்க, அந்தத் தைரியம்தான்.”

முதலாளியின் மனைவி கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. எச்.ஆர்.காரர் புரையேறி, டையில் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். முதலாளி தன் கோப்பையை எடுத்தார். நிறம் பார்க்கவில்லை, முகரவில்லை. மொத்தத்தையும் ஒரே மடக்கில் தொண்டைக்குள் கவிழ்த்துக்கொண்டார்.

அவ்வளவு ரசனை உள்ளவர் இப்படிக் குடிக்கிறாரே என்று பூட்டுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

கிளம்பும்போது முதலாளி வாசல்வரை வந்தார். அதே ஒயினில் இன்னொரு பாட்டிலைப் பூட்டின் கையில் கொடுத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க. அங்கேயே பேசிக்கலாம்.”

முதலாளியின் மனைவி பூட்டின் மனைவியைக் கட்டிக்கொண்டாள். என்ன உதவி வேண்டுமானாலும் கூசாமல் கேட்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் போகிறோம் என்றதற்கு யாரும் சம்மதிக்கவில்லை. முதலாளியின் சொந்தக் காரே வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார்.

பின்சீட்டு வீட்டுச் சோபாவைவிட மெத்தென்று இருந்தது. அவள் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். தெருக்கள் சத்தமில்லாமல் பின்னால் போயின.

“நாளைக்கு எந்தச் சட்டை?” என்று கேட்டாள், காதோடு.

நீலம் என்றார் அவர். அவள் அதை இஸ்திரி போட்டு வைப்பதாகச் சொன்னாள். முதலில் முதுகுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று அவர் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவராக அவள் முதுகைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது. அவர் பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிக்னலில் வண்டி நின்றது. டிரைவர் கண்ணாடி வழியாக இருவரையும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அழாதீங்கம்மா. வேலையை விட்டு அனுப்பும்போது எங்க ஐயா எல்லாரையும் இப்படித்தான் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார். போன தடவை இதே சீட்டுல அழுதுக்கிட்டுப் போன சாருக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிருச்சு.”